பின் பிரேக் கத்துகிறது, பெடல் திரும்பவில்லை: டிரம்மைத் திறந்து பார்ப்பது எப்படி?

கேட்கப்பட்டது இதுதான். ஒன்பது வருடம் ஓடிய 100 சிசி வண்டி, முன்னும் பின்னும் டிரம் பிரேக். பின் பிரேக்கை மிதித்தால் கீச்சென்று கத்துகிறது, பிடிப்பும் குறைந்துவிட்டது. மழை பெய்த மறுநாள் மிதித்த பெடல் முழுதாக மேலே வருவதில்லை. மெக்கானிக் இரண்டு முறை நட்டை முறுக்கிக் கொடுத்தார், ஒரு வாரம் நன்றாக இருந்து மறுபடி பழைய கதை. ஷூ மாற்றினால் சரியாகிவிடுமா, இல்லை வீட்டிலேயே கழற்றிச் சுத்தம் செய்ய முடியுமா?

வீட்டிலேயே செய்யலாம். ஷூ மாற்ற வேண்டியும் வரலாம். ஆனால் ஷூவை மட்டும் மாற்றினால் உங்கள் வண்டிக்குத் தீர்வு கிடைக்காது. பெடல் திரும்பாததற்குக் காரணம் பெரும்பாலும் ஷூ இல்லை, கேம். அதைத் தொடாமல் புது ஷூ போட்டவர்கள் ஒரே மாதத்தில் திரும்பி வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். சக்கரத்தின் நடுவே இருக்கும் அலுமினிய ஹப்புக்குள் ஒரு வார்ப்பிரும்பு வளையம் பதித்திருக்கும், அதுதான் டிரம். அதற்குள் பிறை வடிவத்தில் இரண்டு ஷூ. இரண்டின் ஒரு முனையும் ஆங்கர் பின்னில் உட்கார்ந்திருக்கும், மறுமுனைகளுக்கு நடுவே கேம். கேம் என்பது தலை தட்டையாக இருக்கும் ஒரு சின்னத் தண்டு. பெடலை மிதித்தால் அதிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் கம்பியான ராடு இழுக்கிறது, வெளியே இருக்கும் பிரேக் ஆர்ம் திரும்புகிறது, அதோடு கேமும் திரும்பி இரண்டு ஷூவையும் அகட்டி டிரம்மில் அழுத்துகிறது. காலை எடுத்ததும் இரண்டு ஸ்பிரிங்கும் ஷூக்களைச் சேர்த்து இழுத்துக்கொள்ளும். கேம் துருப்பிடித்து இறுகிப்போனால் ஸ்பிரிங்கால் அதைத் திருப்ப முடியாது. உங்கள் பெடல் திரும்பாத காரணம் அதுதான். ஷூ லேசாக உரசிக்கொண்டே ஓடும், மைலேஜ் குறையும், ஹப் தொட முடியாத அளவுக்குச் சுடும்.

இரண்டு ஷூவும் ஒரே அளவு வேலை செய்வதில்லை. சுற்றும் டிரம் முதலில் கேம் முனையைக் கடந்து பிறகு ஆங்கர் பின் பக்கம் போகும் ஷூவை, டிரம் தன்னோடு இழுத்துக்கொள்ளும். கதவுக்கு அடியில் சொருகிய ஆப்பைப் போலத்தான், கதவு தள்ளத் தள்ள ஆப்பு இறுகும். இதை லீடிங் ஷூ என்பார்கள். மற்றதை டிரம் உதறித் தள்ளும். பழைய புல்லட்டுகள் சிலவற்றில் முன் டிரம்மில் இரண்டுமே லீடிங் ஷூ, ஒவ்வொன்றுக்கும் தனிக் கேம். முன்னோக்கி ஓடும்போது பிடி பலமாக இருக்கும். மேட்டில் நிறுத்தி வண்டி பின்னால் உருளும்போது அதே பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள், பிடித்த மாதிரியே இருக்காது. சக்கரம் எதிர்த்திசையில் சுற்றுவதால் இரண்டுமே உதறும் ஷூவாகிவிடுகின்றன.

அடுத்து மெக்கானிக் முறுக்கிய அந்த நட்டு, ராடின் முனையில் இருப்பது. ஷூவின்மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் தேய்ந்தால் இடைவெளி கூடும், பெடல் கீழே இறங்கும். நட்டை இரண்டு சுற்று முறுக்கினால் பெடல் மேலே வந்துவிடும். உள்ளே நடந்தது என்னவென்றால், பிரேக் போடாத நேரத்திலும் கேம் கொஞ்சம் திரும்பிய நிலையிலேயே நிற்கப் பழகிவிட்டது. இப்படி முறுக்கிக்கொண்டே போனால் ஆர்ம் முன்னால் சாய்ந்துகொண்டே வரும். மிதித்த நிலையில் ராடும் ஆர்மும் கிட்டத்தட்டச் செங்கோணத்தில் இருந்தால்தான் காலின் பலம் முழுதாக உள்ளே போகும். அந்தக் கோணம் தாண்டினால் எவ்வளவு மிதித்தாலும் பாதிதான் போய்ச் சேரும். புது லைனிங் சுமார் 4 மில்லிமீட்டர் இருக்கும், 2 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்ற வேண்டும். கழுதை தேய்ந்து கட்டெறும்பான விஷயத்தை இந்த நட்டு கடைசி வரை வெளியே சொல்லாது.

சொல்வதற்கென்றே வேறொன்று இருக்கிறது, யாரும் பார்ப்பதில்லை. ஆர்மோடு சேர்ந்து திரும்பும் ஒரு சின்னத் தகட்டில் அம்புக்குறி இருக்கும், ஷூக்களைத் தாங்கி ஹப்பை மூடியிருக்கும் பிரேக் பிளேட்டில் அதற்கு எதிரே ஒரு குறி இருக்கும். பெடலை அழுத்தி மிதித்த நிலையில் அம்பு அந்தக் குறியைத் தொட்டுவிட்டால் ஷூ முடிந்தது. இன்றைக்கே ஒருவரை மிதிக்கச் சொல்லிவிட்டுக் குனிந்து பாருங்கள்.

இதிலும் ஒரு தில்லுமுல்லு உண்டு. நட்டில் மரை தீர்ந்துவிட்டால், ஆர்மைக் கழற்றிக் கேம் தண்டின் பற்களில் ஒரு பல் தள்ளி மாட்டிவிடுவார்கள். மறுபடி நட்டை முறுக்க இடம் கிடைக்கும், வாடிக்கையாளரும் நூறு ரூபாய் கொடுத்துவிட்டுச் சந்தோஷமாகப் போவார். தேய்ந்த ஷூவோடு கேம் இப்படி அளவுக்கு மீறித் திரும்பினால் தலை குறுக்காக நின்று, திரும்பி வராமல் மாட்டிக்கொள்ளும். சக்கரம் ஓட்டத்திலேயே இறுகிவிடும். ஆர்மிலும் கேம் தண்டின் முனையிலும் கம்பெனி ஒவ்வொரு புள்ளி குத்தியிருக்கும். இரண்டும் நேருக்கு நேர் இல்லை என்றால் யாரோ உங்கள் வண்டியில் இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள்.

சரி, கழற்றுவோம். சம தரையில் மெயின் ஸ்டாண்ட் போடுங்கள். பிரேக் ராடின் முனையில் இருக்கும் நட்டைக் கழற்றி, ராடை ஆர்மிலிருந்து உருவுங்கள். ஸ்பிரிங்கையும் உருளைப் பின்னையும் அதே வரிசையில் ராடிலேயே மாட்டி, நட்டையும் இரண்டு மரை ஏற்றி வையுங்கள், தொலையாது. அடுத்து பிரேக் பிளேட்டையும், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மையும் இணைக்கும் ஸ்டே ராடு. அதன் போல்ட் முனையில் காட்டர் பின் இருக்கும், அதை நேராக்கி இழுத்துவிட்டு நட்டைக் கழற்றுங்கள். பிறகு ஆக்சில் நட்டு. ஆக்சிலை உருவும்போது அதில் கோத்திருக்கும் இடைவளையமான ஸ்பேசர் கீழே விழும், எந்தப் பக்கம் எந்த முகம் இருந்தது என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வண்டிகளில் செயின் ஸ்பிராக்கெட்டும் கப்ளிங்கும் ஸ்விங் ஆர்மிலேயே நின்றுவிடும், சக்கரம் மட்டும் பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வரும். மட்கார்டு இடித்தால் ஒருவர் வண்டியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் போதும்.

பிளேட்டைத் தூக்கியதும் உள்ளே கறுப்புத் தூள் படிந்திருக்கும். வாயால் ஊதாதீர்கள், பஞ்சர் கடைக் காற்றுக் குழாயை அதன்மேல் காட்டாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலப்பது வழக்கமாக இருந்தது. அந்த நார் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது, பல வருடம் கழித்துப் புற்றுநோயாகத் தலைகாட்டலாம். உங்கள் ஷூவில் அது இருக்கிறதா என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, அதனால் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். ஸ்பிரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர் எடுத்துத் தூளை நனைத்து, பனியன் வேஸ்ட்டால் வழித்து எடுத்து, ஈரமாகவே ஒரு கவரில் கட்டிப் போடுங்கள். முகத்தில் மாஸ்க் இருக்கட்டும். இதே தூளைத் துணியால் படபடவென்று தட்டிய வயதில் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

இங்கே பட்டறைப் பழக்கம் ஒன்றை விட வேண்டும். எதையும் டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவுவது நம் வழக்கம். செயினுக்கு அது சரி. டிரம்முக்கும் ஷூவுக்கும் கூடாது, காய்ந்த பிறகும் ஒரு எண்ணெய்ப் படலம் நிற்கும். பிரேக் கிளீனர் ஸ்பிரே உதிரிபாகக் கடைகளில் கிடைக்கிறது. அது இல்லையென்றால் சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் நன்றாகக் காய வையுங்கள்.

இப்போது கேம். இந்த வேலையில் பாதி நேரத்தை இதற்கே கொடுக்கலாம். ஷூக்களைக் கழற்ற, இரண்டையும் புத்தகத்தை மூடுவதுபோல் நடுவில் மடக்கித் தூக்கினால் ஸ்பிரிங்கோடு வந்துவிடும். விரல் நசுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தச் சின்ன ஸ்பிரிங்குக்குப் பலம் அதிகம். பிறகு ஆர்மின் போல்ட்டை முழுக்க வெளியே எடுங்கள். தளர்த்தினால் மட்டும் ஆர்ம் வராது, போல்ட் கேம் தண்டில் இருக்கும் ஒரு பள்ளத்தின் வழியே போகிறது. அம்புத் தகடு, அதற்கு அடியில் ஃபெல்ட் வளையம் அல்லது ரப்பர் சீல், எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்துவிட்டுத் தண்டை உள்பக்கமாகத் தள்ளுங்கள். வராவிட்டால் துருவை இளக்கும் எண்ணெயை இரண்டு சொட்டு விட்டுக் கால் மணி நேரம் பொறுங்கள். ஓங்கிச் சுத்தியலால் அடித்தால் அலுமினியப் பிளேட் விரிசல் விடும்.

வெளியே வந்த தண்டைப் பார்த்தால் காரணம் புரியும். செம்மண் பூசினாற்போல் துரு, அல்லது தார்போல் இறுகிய பழைய கிரீஸ். நைஸ் எமரித் தாளால் தண்டைத் தேய்த்து, பிளேட்டின் ஓட்டையையும் துணி சுற்றிய குச்சியால் துடையுங்கள். தண்டைத் திரும்பச் சொருகினால் விரலால் சுற்றுவதற்கு வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். மேலும் கீழும் லொடலொடவென்று ஆடினால் ஓட்டை தேய்ந்துவிட்டது, லேத்தில் கொடுத்துப் புஷ் போடலாம் அல்லது பிளேட்டையே மாற்றலாம். கேமின் தட்டை முகத்தில் ஷூ அழுத்திப் பள்ளம் விழுந்திருந்தால் புதுக் கேம் வாங்கிவிடுங்கள், விலை பெரிதில்லை.

கிரீஸ் வைப்பதில் கை அடங்க வேண்டும். அதிக வெப்பம் தாங்கும் கிரீஸ் கேட்டு வாங்குங்கள். சாதாரண கிரீஸ் சூட்டில் இளகி லைனிங்கில் இறங்கிவிடும். கேம் தண்டு, கேமின் முகம், ஆங்கர் பின், இந்த மூன்று இடத்திலும் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற அளவுதான். வழிவது தெரிந்தால் துடைத்துவிடுங்கள். ஃபெல்ட் வளையத்துக்கு இரண்டு சொட்டு என்ஜின் ஆயில் போதும், தண்ணீர் உள்ளே போகாமல் அது காக்கும்.

ஷூக்களை வெளிச்சத்தில் பாருங்கள். மிக மெலிந்த இடத்தில் ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும், நடுவில் இல்லை. 2 மில்லிமீட்டருக்கு மேல் இருந்து, முகம் மட்டும் கண்ணாடிபோல் பளபளத்தால் கத்தலுக்கு அதுதான் காரணம். தரையில் 80 நம்பர் உப்புத்தாளை விரித்து அதன்மேல் ஷூவின் வளைவுக்கு ஏற்ப உருட்டி உருட்டித் தேய்த்தால் பளபளப்பு போய் மங்கலாகும். லைனிங்கின் கேம் முனை விளிம்பை அரத்தால் லேசாகச் சாய்வாக்குங்கள். கூர்மையான விளிம்பு டிரம்மைக் கவ்விக் கவ்வி விடுவதால்தான் பல வண்டிகளில் அந்தக் கீச்சுச் சத்தம். லைனிங் ஓரத்தில் பிளந்திருந்தாலோ இரும்பிலிருந்து பெயர்ந்திருந்தாலோ தேய்த்துப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான்.

எண்ணெய் குடித்த ஷூவைப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்திக் காட்டுவார்கள். மேலே இருக்கும் எண்ணெய் எரியும், உள்ளே ஊறியது அப்படியே இருந்து அடுத்த தடவை சூடேறும்போது வெளியே வரும். லைனிங்கை இரும்போடு ஒட்டிய பசையும் தீயில் வலுவிழக்கும். அந்த ஷூவைத் தூக்கிப் போடுங்கள். ஆனால் எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் புதுசு போடாதீர்கள். ஹப்பின் பேரிங் சீல் கிழிந்து கிரீஸ் ஒழுகியிருக்கலாம், அல்லது போன தடவை கேமுக்கு யாரோ அள்ளி அப்பியிருக்கலாம். ஸ்கூட்டராக இருந்தால் கியர் ஆயில் சீலைச் சந்தேகப்படுங்கள், பின் டிரம் கியர் பெட்டியிலிருந்து வரும் தண்டின்மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

புது ஷூ வாங்கினால் ஸ்பிரிங்கையும் சேர்த்து வாங்குங்கள். பழைய ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் அது தளர்ந்துவிட்டது.

டிரம்மைச் சுத்தம் செய்து 120 நம்பர் உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்தால் போதும், வட்டமாகத் தேய்க்க வேண்டாம். ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளில் டிரம்மின் உள்விட்டம் 130 மில்லிமீட்டர், டிவிஎஸ் எக்ஸ்எல் 100-இல் 110. ஹப்பின் உள்ளே பெரும்பாலும் உச்ச அளவு வார்த்திருக்கும். 130 டிரம்முக்கு அது 131, அதாவது மொத்தமே ஒரு மில்லிமீட்டர் தேய்மானம்தான் அனுமதி. விளிம்பில் நகம் மாட்டுகிற அளவுக்கு வரம்பு எழுந்திருந்தால் லேத்தில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பெடல் காலடியில் துடித்தால் டிரம் வட்டம் கெட்டிருக்கிறது. ஸ்போக் சக்கரத்தில் கோட்டம் எடுத்தவர் சில கம்பிகளை மட்டும் அதிகமாக இழுத்திருந்தாலும் டிரம் முட்டை வடிவமாகும். அப்போது கடைசல் போடுவதற்கு முன் ஸ்போக்கைத்தான் பார்க்க வேண்டும்.

திரும்ப மாட்டுவது கழற்றியதன் தலைகீழ்தான். இரண்டு ஷூவிலும் ஸ்பிரிங்கை மாட்டி, பட்டாம்பூச்சி சிறகுபோல் மடக்கிப் பிடித்து, முனைகளை ஆங்கர் பின்னிலும் கேமிலும் வைத்து அழுத்தினால் டப்பென்று உட்காரும். ஆர்மை அந்தப் புள்ளிகளைப் பார்த்து மாட்டுங்கள். லைனிங்கில் கிரீஸ் கை படக் கூடாது.

சக்கரத்தை ஏற்றி ஆக்சிலைச் சொருகி, நட்டைக் கையால் மட்டும் பிடித்துவிட்டு, ராடை மாட்டுங்கள். ஸ்டே ராடையும் மாட்டி நட்டை லேசாக ஏற்றி வையுங்கள். இப்போது பெடலை நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆக்சில் நட்டை இறுக்குங்கள். ஒருவர் மிதிக்க ஒருவர் இறுக்கினால் எளிது. ஷூக்கள் டிரம்மில் அழுந்தும்போது பிளேட் தானே நகர்ந்து நடுவுக்கு வரும், அந்த நிலையிலேயே அது நிலைத்துவிடும். இப்படிச் செய்யாமல் இறுக்கினால் ஒரு ஷூ முன்னால் படும், மற்றது எட்டாது. புது ஷூ போட்டும் பிடிக்கவில்லை என்று வந்த வண்டிகளில் நான் முதலில் செய்வது ஆக்சில் நட்டைத் தளர்த்தி, மிதித்துப் பிடித்து, மறுபடி இறுக்குவதுதான். பல நேரம் அதோடு வேலை முடிந்துவிடும், காசு கேட்கவே கூச்சமாக இருக்கும்.

அப்புறம் ஸ்டே ராடு நட்டு, காட்டர் பின். பதினேழு வயதில் ஒரு பட்டறையில் வேலை கற்றுக்கொண்டிருந்தபோது, பின் சக்கரம் மாட்டியவன் இந்த நட்டை டீ கிளாஸ் பக்கத்திலேயே மறந்துவிட்டேன். கடை அண்ணன் ட்ரையல் பார்க்க எடுத்துப் போனார். தெரு முனையில் மெதுவாகத் திரும்பும்போது பிரேக்கை மிதித்திருக்கிறார். பிளேட்டைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லாததால் அது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றி, பிரேக் ராடு வில்போல் வளைந்து, சக்கரம் இறுகிவிட்டது. நடை வேகத்தில் இருந்ததால் அவர் விழவில்லை. பின் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டே வண்டியைத் தள்ளி வந்தவர் என்னைத் திட்டவில்லை. அந்த வளைந்த ராடைக் கடைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டார். நான் அங்கே இருந்த மூன்று வருடமும் அது அங்கேயே தொங்கியது. முன் சக்கரத்தில் பெரும்பாலும் ஸ்டே ராடு இருக்காது, அதற்குப் பதில் பிளேட்டில் இருக்கும் பள்ளம் ஃபோர்க்கில் இருக்கும் நீட்டலோடு பொருந்த வேண்டும். பொருந்தாமல் ஆக்சிலை இறுக்கினால் அதே கதை, ஆனால் முன் சக்கரத்தில்.

பெடல் விளையாட்டு, அதாவது பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம், 20 முதல் 30 மில்லிமீட்டர் இருக்கட்டும். முன் லிவரில் 10 முதல் 20. நட்டின் வளைந்த பள்ளம் உருளைப் பின்மேல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றினால் உரசாமல் சுற்ற வேண்டும். பிரேக் லைட் எரிகிறதா என்றும் பாருங்கள். செயினை இறுக்கும் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும். சக்கரம் பின்னால் நகரும்போது ராடும் இழுபட்டு பிரேக் தானாக இறுகிவிடும்.

உங்கள் வண்டி பழையது, அதனால் ராடு நேராகப் பின் சக்கரத்துக்குத்தான் போகும். 2019 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் விற்கும் 125 சிசி வரையிலான வண்டிகளுக்குக் கூட்டு பிரேக், அல்லது சக்கரம் இறுகாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயமாக்கப்பட்டது. கூட்டு பிரேக் வண்டியில் பின் பெடல் முன் பிரேக்கையும் சேர்த்து இழுக்கும். அதில் பின் நட்டை மட்டும் கண்மூடித்தனமாக முறுக்கினால் இரண்டுக்கும் உள்ள பங்கீடு கெடும். கையேட்டில் சொன்ன வரிசையில்தான் செய்ய வேண்டும்.

புது ஷூவோ தேய்த்த ஷூவோ, முதல் 200 கிலோமீட்டர் பொறுமையாக ஓட்டுங்கள். ஆள் இல்லாத சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மெதுவாகக் குறைப்பதைப் பதினைந்து இருபது தடவை, நடுவே ஆறவிட்டுச் செய்தால் லைனிங் டிரம்மின் வளைவுக்குப் பழகும். அதுவரை பிடிப்பு கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், பயந்து நட்டை முறுக்காதீர்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை அந்த வாரத்துக்குத் திட்டமிடவும் வேண்டாம். பழகிய பிரேக்கே அங்கே தொடர்ந்து மிதித்தால் தளரும். சூட்டில் டிரம் விரிந்து ஷூவிடமிருந்து விலகும், லைனிங்கின் உராய்வும் குறையும். இறக்கத்தில் இரண்டாவது கியரில் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும், பிரேக்கை விட்டு விட்டுப் போடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றி ஆற வைக்காதீர்கள், வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

இந்தச் சுத்தத்தை 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை செய்தால் போதும். குறைவாக ஓட்டுபவர் ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை செய்துகொள்ளலாம். வாட்டர் சர்வீஸில் குழாயை ஹப்பின் இடுக்கில் நேராகப் பிடிக்க விடாதீர்கள். கழுவி முடித்ததும் வண்டியை அப்படியே நிறுத்தி வைக்காமல், இரண்டு பிரேக்கையும் லேசாகப் பிடித்தபடி அரை கிலோமீட்டர் ஓட்டினால் உள்ளே இருக்கும் ஈரம் சூட்டில் காய்ந்துவிடும். இல்லாவிட்டால் மறுநாள் காலை முதல் மிதியில் சக்கரம் வெடுக்கென்று கவ்வும், டிரம்மில் இரவோடு இரவாகப் படிந்த மெல்லிய துரு அது.